மூன்றாவது சிவப்புக் காசு

மூக்கன் தொப்பி போட்டிருந்தான். மொட்டை மாடிக் கொடியில் காய்ந்த மாமாவின் கைலிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வழக்கம்போல அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் நடுவில் கிடைக்கிற பத்து நிமிஷத்தில் ஃபோனைத் திறந்தால், நேற்று வரை வெறும் தலையோடு ஓடிக்கொண்டிருந்தவன் தலையில் அகலமான ஓலைத் தொப்பி. திரையின் வலது மூலையில் பதினெட்டாயிரத்து நானூறு என்று இருந்த காசு வெறும் நானூறாக நின்றது. கடைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தொப்பியின் விலை பதினெட்டாயிரம் என்று போட்டிருந்தது. கழித்தல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் சேர்த்தது படகுக்காக. இரண்டு பேர் உட்காரக்கூடிய சிவப்புப் படகு, இருபதாயிரம். இன்னும் இரண்டு நாள் ஆடியிருந்தால் வாங்கியிருக்கலாம். அதற்குள் அவர் ஏன் தொப்பி வாங்கினார்?

வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே புரியும்.

எனக்கும் ஜாவிதுக்கும் போன வருஷம் ஜூலையில் நிக்காஹ் ஆனது. அவருக்குக் குவைத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை. லீவு ஐம்பது நாள். நிக்காஹுக்கு முன்னால் ஏழு நாள் ஓடிவிட்டது, மிச்சம் நாற்பத்து மூன்று. பாலக்கரையில் அவர் வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும் என்பதால் சாயங்காலங்களில் மாடிக்கு வருவோம். என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியாது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அவர் தன் ஃபோனில் இந்த ஆட்டத்தைக் காட்டினார். பெரிய மூக்குள்ள ஒரு குட்டை மனிதன் ஓடுவான், குதிப்பான், சுவரைப் பிடித்து ஏறுவான். அவனுக்கு மூக்கன் என்று பேர் வைத்தது அவர்தான். வழியெல்லாம் தங்கக் காசுகள் சிதறிக் கிடக்கும். அவற்றை எடுத்துச் சேர்த்தால் கடையில் சாமான் வாங்கலாம். அவை தவிர ஒவ்வொரு லெவலிலும் மூன்று சிவப்புக் காசுகள் உண்டு. முதல் இரண்டைக் கொஞ்சம் தேடினால் எடுத்துவிடலாம். மூன்றாவது எப்போதும் ஏடாகூடமான இடத்தில் இருக்கும். அருவிக்கு மேலே, உடைந்த பாலத்துக்குக் கீழே, நகரும் பாறைக்கு அந்தப் பக்கம். எடுத்த சிவப்புக் காசு முழுதாக மறையாது. அடுத்த முறை அந்த லெவலுக்குப் போனால் அதே இடத்தில் வெளிறிய நிழலாக நிற்கும், யாரோ எடுத்தாயிற்று என்பதற்கு அடையாளமாக.

மூன்றாவது வந்ததும் ஃபோனை என் கையில் கொடுத்து, "இத நீ எடு" என்பார். நான் நாலைந்து தடவை விழுந்து எழுந்து எடுப்பேன். நான் எடுக்கும் வரை அவர் டீ குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். நாற்பத்து மூன்று நாளில் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது அதுதான்.

கிளம்புவதற்கு முதல் நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் எனக்குப் புது ஃபோன் வாங்கிக் கொடுத்தார். கடைக்காரர் மெயில் ஐடி கேட்டபோது, நேரமாகிறது என்று தன்னுடையதையே போடச் சொல்லிவிட்டார். அதை அப்புறம் யாரும் மாற்றவில்லை. அவர் போய் இரண்டு வாரம் கழித்து, பொழுது போகாமல் அதே ஆட்டத்தை என் ஃபோனில் இறக்கினேன். முதல் லெவலிலிருந்து தொடங்கும் என்று நினைத்தால், மெயில் ஐடி ஒன்றே என்பதால் அவருடைய மூக்கன் இருபத்து மூன்றாவது லெவலில் நின்றான். உள்ளே போய்ப் பார்த்தேன். இரண்டு சிவப்புக் காசுகள் நிழலாக இருந்தன. மூன்றாவது மட்டும் அருவிக்கு மேலே பளபளவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

நான் மாடிப்படியில் உட்கார்ந்து அதை எடுத்தேன். அடுத்த வாரம் இருபத்து நாலிலும் அப்படியே. அதற்கடுத்தும் அப்படியே.

எங்கள் வீட்டில் ஃபோன் பேச்சு எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் அந்தக் காசு எனக்கு என்னவாக இருந்தது என்பது விளங்கும். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் கூப்பிடுவார். ஸ்பீக்கரில் போட்டு ஹால் நடுவில் வைப்பார்கள். முதலில் மாமி, பிறகு மாமா, பிறகு அவர் தங்கை பஸீலா. கடைசியில் ஃபோன் என்னிடம் வரும், ஸ்பீக்கர் அணையாமலே. மாமிக்கு அதை அணைக்கத் தெரியாது. நான் அணைத்தால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன். நீங்க?" "சாப்ட்டேன்." அவ்வளவுதான். மற்ற நாட்களில் பன்னிரண்டு மணி நேர வேலை, வந்தால் தூக்கம். நான் பத்து வரி எழுதினால் அவரிடமிருந்து ஒரு கட்டை விரல் படம் வரும். அதில் எனக்குக் குறையில்லை. மூன்றாவது காசை ஒவ்வொரு லெவலிலும் எனக்கென்று விட்டுவைக்கிற மனிதர் எழுத வேண்டிய அவசியம் என்ன? அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்டால் கலைந்துவிடும் என்று தோன்றியது.

பிப்ரவரியில் மணப்பாறையிலிருந்து அம்மா கூப்பிட்டது. நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே ஒரு தனியார் பள்ளி, கணக்கு டீச்சர் தேவை, மாப்பிள்ளை வரும்வரை இங்கே வந்து இரேன், தனியாக அங்கே என்ன செய்கிறாய் என்றது. தனியாக இல்லை என்று சொன்னேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. இப்போது ஏப்ரல் கடைசியில் அதே பள்ளி மறுபடி கேட்டிருக்கிறது. ஜூனில் சேர வேண்டும். அடுத்த சனிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார்கள். இந்தத் தடவையும் இல்லை என்றுதான் சொல்லப் போகிறேன் என்று அம்மாவுக்கும் தெரியும். அந்த நிலைமையில்தான் தொப்பி வந்தது.

தொப்பிக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு நாள் யோசித்தேன். படகு வேண்டாம் என்கிறாரா? ஊருக்கு வருவது தள்ளிப் போகிறதா? வெள்ளிக்கிழமை ஃபோன் என் கைக்கு வந்ததும், யாருக்கும் புரியாதபடி கேட்பதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"தொப்பி நல்லா இருக்கு, மச்சான்."

"என்ன தொப்பி?" என்றார்.

மாமி நிமிர்ந்தது. "தொப்பியா? என்னத்தா, அங்க வெயில் ஜாஸ்தியா?"

"தொழுகத் தொப்பியாம்மா? பார்சல்ல ஏதாவது அனுப்புனீங்களா?" என்றது ஸ்பீக்கர்.

"அண்ணே, மச்சி ஒனக்குக் குல்லா போடப் பாக்குறாங்க, உஷாரா இருந்துக்க" என்று பஸீலா சொல்ல, மாமா கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் மாடியிலிருந்து எழுதிக் கேட்டேன். ஆட்டத்தில் தொப்பி வாங்கினீர்களே, ஏன்? அதிசயமாகப் பதில் உடனே வந்தது, குரலாக. "அந்த கேமா? அத வெளையாடி நாலு மாசம் இருக்குமே ரிஃபா. டிசம்பர்ல புது ஃபோன் வாங்குனேன்ல, பழச நம்ம ரூம்ல சமைக்கிற பிச்சமுத்து அண்ணனுக்குக் குடுத்துட்டேன். லால்குடிக்காரரு. சிம்ம மட்டும் எடுத்துக்கிட்டேன். அவரு ஆடுறாரோ என்னமோ. ஏன், நீ இன்னுமா ஆடுற?"

நான் அந்தக் குரலை மூன்று தடவை கேட்டேன். டிசம்பர் கடைசி. அப்போது நாங்கள் எத்தனையாவது லெவலில் இருந்தோம்? முப்பத்தெட்டா, நாற்பதா? இப்போது அறுபத்தொன்று. எந்த நாளில் ஆள் மாறியது என்று ஒவ்வொரு லெவலாக நினைத்துப் பார்த்தேன். எங்கேயும் ஒரு தடம் இல்லை. முன்பும் இரண்டு நிழல், ஒரு காசு. பின்பும் இரண்டு நிழல், ஒரு காசு. புருஷன் கையும் இன்னொருவர் கையும் எனக்கு ஒரே மாதிரி இருந்திருக்கிறது. நாலு மாதம் யாரோ ஒருவர் விட்டுவைத்ததை நான் வெட்கத்தோடு எடுத்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது, கைலிகளை மடிக்காமல் அப்படியே வாரிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை மாமியிடம் காலேஜ் சர்டிஃபிகேட் விஷயம் என்று சொல்லிவிட்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனேன். என்னோடு பி.எஸ்ஸி. கணக்கு படித்த ரங்கநாயகி கீழ உத்தர வீதியில் இருக்கிறாள். வீட்டிலிருந்தே ஏதோ கம்பெனிக்கு ஃபோன் ஆட்டங்களைச் சோதித்துப் பார்க்கிற வேலை. நான் சொன்னதை எல்லாம் நடுவில் பேசாமல் கேட்டாள். அவளுக்கு அது அபூர்வம்.

"என்னடி இளைச்சுப் போயிட்ட? உங்காத்துல சாதமே போடறதில்லையா?"

"போடுறாங்க. நீ ஃபோனப் பாரு."

பார்த்தாள். அவர் மெயில் எந்தெந்த ஃபோனில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வந்தது. "மூணு இருக்கு. இது உன்னோடது. இது அவர் புதுசு. இது பழசு. குவைத்து. இன்னிக்குக் கார்த்தால அஞ்சே முக்காலுக்கு ஆட்டம் ஆடியிருக்கார் மனுஷன்." பிறகு என்னைப் பார்த்தாள். "ஏண்டி, உங்காத்துக்காரர் போட்டோ, மெயில் எல்லாம் அந்தச் சமையல்காரர் கையில இருக்கு, தெரியுமோ? சிம்மக் கழட்டினா போறும்னு நெனச்சுட்டார் பாரு. நல்ல வேள, உன்னையும் அதோட சேத்துக் குடுக்காம விட்டாரே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் சொன்ன பிறகு சங்கடமாகிவிட்டது.

"சரி விடு. இதோ, ஒரு தடவ அமுக்கினா அந்த ஃபோன் வெளில போயிடும். அமுக்கட்டுமா?"

"அமுக்கினா அவரு ஆட்டம் என்னாகும்?"

"என்ன ஆகும்? ஒண்ணாம் லெவல், சைபர் காசு. முதல்லேர்ந்து ஆட வேண்டியதுதான்."

"வேணாம்."

"ஏண்டி?"

"தெரியல."

அவள் காபியை என் பக்கம் நகர்த்தினாள். "ஒண்ணு சொல்லட்டுமா, கோச்சுக்காதே. மூணாவது காசு யாரும் யாருக்கும் விட்டு வெக்கறதில்ல. பாதிப் பேருக்கு அத எடுக்க வராது. எடுக்க முடியலன்னா அடுத்த லெவலுக்குப் போயிண்டே இருப்பா. எங்க ரிப்போர்ட்டுல வாரா வாரம் வரது இது. அந்தச் சமையல்காரரும் அப்படித்தான். உங்காத்துக்காரரும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

நான் காபியைக் குடித்து முடித்தேன். இத நீ எடு. அந்த நாட்களில் அவர் ஃபோனை நீட்டியது எனக்காகவா, அவருக்கு வராததாலா? டீ ஆறிவிடும் என்பதாலா? அந்த முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். டம்ளர்தான் ஞாபகம் வந்தது.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். காவிரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் ஐம்பத்தெட்டாவது லெவல் நினைவுக்கு வந்தது. அதில் மட்டும் மூன்றாவது காசு ஏடாகூடமான இடத்தில் இல்லை. நடைபாதையின் நட்டநடுவில், தரையில் இருந்தது. நேராக நடந்தால் தானாகக் கைக்கு வந்துவிடும். அதை எடுக்காமல் போக வேண்டுமென்றால் வேண்டுமென்றே அதன் மேலே தாண்டிக் குதிக்க வேண்டும். போன வாரம் அந்த லெவலை நான் திறந்தபோது, இரண்டு நிழல்களுக்கு அப்புறம் அந்தக் காசு தரையில் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தது. போன வாரம் ஆடியவர் பிச்சமுத்து. ரங்கநாயகியின் ரிப்போர்ட்டில் இதற்கு என்ன பேர் என்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்டு என்ன செய்யப் போகிறேன் என்றும் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து ஜாவிதுக்கு எழுத உட்கார்ந்தேன். கடிதம் எழுதுவது எனக்கு வரும். ஆனால் 'மூன்றாவது காசை எனக்காகத்தான் விட்டு வைத்தீர்களா' என்று எழுதிப் பார்த்தால், அது எவ்வளவு சின்ன விஷயமாகத் தெரிந்தது. பன்னிரண்டு மணி நேரம் குளிருக்குள் பெட்டி தூக்கிவிட்டு வருகிற மனிதர் அதைப் படித்து என்ன செய்வார்? அழித்தேன். வேறு மாதிரி எழுதினேன். அதையும் அழித்தேன். கடைசியில் அனுப்பியது ஒரே வரி: 'நீங்க அதை ஆடுறீங்கன்னு நெனச்சு நானும் ஆடிக்கிட்டு இருந்தேன், மச்சான்.'

அதற்குக் கட்டை விரல் படம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. செவ்வாய், புதன், வியாழன் நான் ஆட்டத்தைத் திறக்கவில்லை. மாடிக்குப் போனால் துணியை எடுத்துக்கொண்டு உடனே இறங்கினேன். "என்ன மச்சி, மாடியில ஜின்னா ஒக்காந்திருக்கு, போனதும் ஓடியாறீங்க?" என்று பஸீலா கேட்டாள்.

வெள்ளிக்கிழமை ஸ்பீக்கர் பேச்சு எப்போதும்போல நடந்தது. சாப்ட்டியா, சாப்ட்டேன். ஆனால் அவர் குரலில் ஏதோ அவசரம் இருந்தது, சீக்கிரம் வைத்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் மாடியில் இருக்கும்போது நேராக என் ஃபோனுக்கே கூப்பிட்டார். நிக்காஹ் ஆன பிறகு அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"எங்க இருக்க?"

"மாடியில."

"யாரும் இல்லல்ல?"

"இல்ல. சொல்லுங்க."

"பிச்சமுத்து அண்ணங்கிட்டப் பேசிட்டேன்" என்றார். "பாவம், அந்த ஃபோன்ல என் மெயில் இருக்குறதே அவருக்குத் தெரியாது. நீ ஆடுறதும் தெரியாது. தொப்பி ஏன் வாங்குனீங்கன்னு கேட்டேன். வெயில்ல வெறுந்தலையோட ஓடுறானேப்பா, பாக்க முடியலங்கிறாரு." சிரித்தார். "அவருக்கு வலது கட்ட வெரல் பாதி கெடையாது ரிஃபா. வந்த புதுசுல மெஷின்ல போயிருச்சு. பெரிய குதியெல்லாம் வராது. ஆனா வுடமாட்டாரு, தெனம் சுபுஹுத் தொழுகைக்கு நாங்க எந்திரிக்கிறப்பவே ஒக்காந்து ஆடிக்கிட்டு இருப்பாரு."

ஐம்பத்தெட்டைப் பற்றிக் கேட்கலாமா என்று வாய் வரை வந்தது.

"என் ஐடிய அதுலேர்ந்து எடுத்துட்டேன். அவருக்கு வேற போட்டுக் குடுத்துட்டேன், ஒண்ணாவதுலேர்ந்து ஆடுறாரு. ஒண்ணும் சொல்லல. நா என் ஃபோன்ல எறக்கிட்டேன். நேத்து லீவு முழுக்க அதுதான். ஜும்மாவுக்குப் போயிட்டு வந்து ஒக்காந்தவன் ராத்திரி சோத்துக்குத்தான் எந்திரிச்சேன். ஆட ஆளில்லன்னு நீ வருத்தப்பட்டு எழுதுனியா, மனசுக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. எழுபது வரைக்கும் முடிச்சாச்சு. செவப்புக் காசு எல்லாத்தையும் எடுத்துட்டேன், மூணும். ஒண்ணு வுடல. ஒனக்கோசரம்தான். போய்ப் பாரு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். வெரலெல்லாம் வலிக்குது" என்றார். அவ்வளவு சந்தோஷமான குரலை நான் அவரிடம் கேட்டதில்லை. பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒங்கம்மா ஸ்கூல் விஷயமாச் சொன்னாங்களாமே. என்ன செய்யப் போற?" என்றார்.

"இன்னும் யோசிக்கல."

"ஒன் இஷ்டம்தான். ஆனா அங்க இருந்தாலும் ஆடலாம்ல?"

"ஆடலாம்."

"அப்ப சரி. நா வைக்கிறேன், பஸ் வந்துருச்சு."

ஃபோன் அணைந்ததும் ஆட்டத்தைத் திறந்தேன். அறுபத்தொன்று. நான் முன்பே எடுத்தது. அறுபத்திரண்டுக்குள் போனேன். ஒரு நிழல், இரண்டு நிழல், கோபுரம்போல் அடுக்கின பாறைகளின் உச்சியில் மூன்றாவது நிழல். அறுபத்து மூன்று. அறுபத்து நாலு. நான் ஒரு தடவை கூட விழாமல் நடந்தேன். விழுவதற்கு எந்த இடத்திலும் காரணம் இல்லை. தங்கக் காசுகள் பதினோராயிரத்தைத் தாண்டியிருந்தன. எனக்காக ஒருவர் நாள் முழுக்க விரல் வலிக்க உட்கார்ந்து ஆடியிருக்கிறார். அந்தச் சந்தோஷம் வர வேண்டிய இடத்தைத் தடவிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு நிழலாகப் பார்த்துக்கொண்டு போனேன். எழுபதில் கடைசி நிழல் ஒரு அலையின் மேல் மிதந்தது. அதன் ஊடே கடல் தெரிந்தது. எடுக்கத் தெரியாதவர் என்று ரங்கநாயகி பாதியில் விட்டாளே, அது தப்பு. அவருக்கு எல்லாம் எடுக்கத் தெரிகிறது. அப்படியானால் அந்த முதல் மூன்று மாதம் அவர் விட்டுவைத்தது நிஜம்தானா? நிஜம் என்றால், விட்டுவைத்ததை அவர் எப்படி மறந்தார்?

எழுபத்தொன்று யாரும் போகாதது. உள்ளே நுழைந்தேன். மலைப் பாதை. முதல் சிவப்புக் காசை ஒரு புதருக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். இரண்டாவதை ஒரு குகைக்குள்ளிருந்து எடுத்தேன். மூன்றாவது, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு தனிப் பாறையின் மேல் இருந்தது. இந்தப் பக்கச் சுவரில் இரண்டு தடவை உதைத்துத் தாண்டினால் கிடைக்கும். அது எப்படி என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டை விரலைத் திரைக்கு மேலே வைத்துக்கொண்டு நின்றேன்.

"ரிஃபானா" என்று படிக்கட்டில் மாமியின் குரல் ஏறி வந்தது. "ஒங்கம்மா எம் ஃபோன்ல இருக்காங்கம்மா. ஸ்கூல்லேர்ந்து ஆளு வந்து ஒக்காந்திருக்காராம். என்ன சொல்லட்டும்ங்கிறாங்க. வர்றியா, வெக்கச் சொல்லவா?"

"தோ வர்றேன் மாமி. ரெண்டு நிமிஷம் இருக்கச் சொல்லுங்க."

ஃபோனை அணைக்காமல் கைப்பிடிச் சுவரின் மேல் சாய்த்து வைத்தேன். கொடியிலிருந்து கைலிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஓரம் ஓரத்தோடு சேர்த்து மடித்துத் தோளில் போட்டேன். இதுவரை நான் மூக்கனை ஒரு நிமிஷம்கூடச் சும்மா நிற்க விட்டதில்லை. பத்து நிமிஷத்துக்குள் ஆடி முடிக்க வேண்டுமே என்று ஓடவிட்டுக்கொண்டே இருப்பேன். அதனால் அவன் தனியாக விட்டால் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. முதலில் அவன் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு வலப்பக்கம். யாரும் வரவில்லை என்று ஆனதும், பள்ளத்தாக்கின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்து, இரண்டு கால்களையும் தொங்கவிட்டு ஆட்டத் தொடங்கினான்.